பரணின் உயரமும் மானின் ஹலாலும்



செப்டம்பர் முடிவதற்குள் எங்கள் மஸ்ஜிதில் அந்தக் கேள்வி எழுந்துவிடும்: "இந்த வருடம் பரணை எத்தனை அடியில் கட்டலாம், உஸ்தாத்?" பென்சில்வேனியாவின் மலையோரச் சிற்றூர் ஒன்றில் வாழும் சில தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் நாங்கள். இலையுதிர் காலத்தில் வெள்ளைவால் மானை வில்லால் வேட்டையாடி, இறைச்சியை வீடுதோறும் பகிர்ந்துகொள்வது சில ஆண்டுகளாக எங்கள் வழக்கம். கேட்பவர் ஏணியையும் மரத்தையும் பற்றிக் கேட்பதாகவே எண்ணுகிறார். ஃபிக்ஹு நூல்களின் வேட்டைப் பாடத்தை மத்ரஸாவில் நடத்துகின்ற எங்களுக்கோ, அது அந்தப் பாடத்தின் நடுவிலிருந்து எழும் கேள்வியாகவே தோன்றுகிறது. பரண் நிற்கும் இடமும் உயரமும் மான் எவ்வாறு இறக்கும் என்பதைப் பெருமளவு முடிவு செய்கின்றன. அது எவ்வாறு இறந்தது என்பதைப் பொறுத்தே அந்த இறைச்சி நம் அடுப்பில் ஏறலாமா, கூடாதா என்பது அமையும்.

தாயகத்திலிருந்து வாசிப்போருக்கு ஒரு சொல். 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் மான் வேட்டை குற்றமாகும். இங்குக் கூறப்படுபவை அங்குச் செய்வதற்கு உரியவை அல்ல. பென்சில்வேனியாவில் வெள்ளைவால் மான் மாநில விலங்கு, எண்ணிக்கையிலும் மிகுதி. பருவம் குறித்து, உரிமம் வழங்கி, முதன்முறை உரிமம் பெறுவோருக்குப் பயிற்சி வகுப்பையும் கட்டாயமாக்கி அரசே வேட்டையை நடத்துகிறது. கொன்ற மானின் இறைச்சியை விற்க இயலாது. உண்ணலாம், கொடுக்கலாம். எங்களுக்கு அது போதும்.

பரண் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. தினைப்புனத்தில் கிளி ஓட்டக் கட்டிய அதே பரண்தான். இங்கு எஃகிலோ அலுமினியத்திலோ செய்து கடையில் விற்கின்றனர். இறுக்குப் பட்டைகளால் மரத்தோடு பிணைக்கிறோம். துப்பாக்கியை விட்டு வில்லை ஏன் எடுத்தீர்கள் என்று பலர் கேட்பதுண்டு. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில், வேட்டைக் கருவி தன் கூர்மையால் கிழித்துக் கொன்றால் உண்ணலாம், அகலவாட்டில் மோதிக் கொன்றால் அது அடிபட்டுச் செத்தது, உண்ணலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டியுள்ளார்கள். துப்பாக்கிக் குண்டு இவ்விரண்டில் எதனைச் சேரும் என்பதில் பிற்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் நாட்டு ஹனஃபி ஆலிம்களில் பலர், குண்டுபட்டு இறந்ததை உயிர் இருக்கையில் அறுத்தாலன்றி அனுமதிப்பதில்லை. சவர அலகு போன்ற வெட்டுமுனை கொண்ட அம்பில் அந்தச் சிக்கல் இல்லை. எங்களுள் ஷாஃபிஈயும் உண்டு, ஹனஃபியும் உண்டு; எல்லோரும் ஒரே விரிப்பில் அமர்ந்து உண்ண வில்லே எளிய வழி.

இனி உயரத்துக்கு வருவோம். உயர ஏறினால் மான் நம்மைக் காணாது, மோப்பமும் எட்டாது என்பது இங்குள்ள வேட்டைக்காரர் பலரின் எண்ணம். அதில் உண்மை உண்டு. ஆயினும் ஏறும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு விலை உண்டு. மானின் முன்னங்கால் மூட்டுக்குப் பின்னே, நெஞ்சறையில், இதயமும் இரு நுரையீரல்களும் அமைந்த பகுதி ஏறத்தாழ 8 அங்குல அகலமே. பக்கவாட்டிலிருந்து பாயும் அம்பு இரு நுரையீரல்களையும் துளைக்கும். மான் பெரும்பாலும் 100 கெஜத்துக்குள் சாய்ந்துவிடும். செங்குத்தாக மேலிருந்து பாய்ந்தால் அந்தப் பகுதி குறுகிவிடும். முதுகெலும்பின் ஒரு புறமாக இறங்கும் அம்பு ஒரே நுரையீரலைக் கிழித்து வெளியேறும். ஒற்றை நுரையீரலோடு மான் நெடுந்தொலைவு ஓடும். சில வேளை மணிக்கணக்கில் உயிரோடு துடிக்கும்.

கணக்கு எளிது. 20 அடி உயரப் பரண், 20 கெஜம் (60 அடி) தொலைவில் மான்: அம்பு இறங்கும் கோணம் ஏறத்தாழ 18 பாகை. அதே பரணிலிருந்து 10 கெஜத்தில் நின்றால் 34 பாகை. பரண் 30 அடியாகி மான் 10 கெஜத்தில் நின்றால் 45 பாகை. ஆகவே உயரத்தை மட்டும் தனித்துக் கேட்பதில் பொருளில்லை. மான் எத்தனை கெஜத்தில் கடக்கும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். மானின் தடம் மரத்தடியை ஒட்டிச் சென்றால், மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிட்டு, தடத்திலிருந்து 15 முதல் 20 கெஜம் விலகிய மரத்தைத் தேடுகிறோம். 15 முதல் 18 அடிக்குள் கட்டுகிறோம். மரம் மலைச்சரிவில் நின்றால் இந்தக் கணக்கும் மாறும். சரிவின் கீழே வரும் மானுக்கு நம் 15 அடி 25 அடியாகிவிடும். மேலே வரும் மான் நம் கண்ணுக்கு நேராகவே நின்று பார்க்கும்.

அப்படியெனில் மான் பார்த்துவிடாதா? மறைவதற்கு உயரத்தைக் காட்டிலும் பின்புலமே உதவுகிறது என்பது எங்கள் அனுபவம். வெற்று வானம் முதுகுக்குப் பின்னே தெரிய அமர்ந்தவரை 25 அடியிலும் மான் கண்டுகொள்ளும். இரண்டு மூன்று தண்டுகளாகப் பிரிந்த மரமோ, பின்னால் அடர்ந்த ஊசியிலை மரமோ இருந்தால் 15 அடியே போதுமானது. அக்டோபர் தொடக்கத்தில் இலை நிறைந்த மரத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. மான்கள் இணைதேடி அலையும் நவம்பர் நடுவில் அது மொட்டையாக நிற்கும். இளம் ஓக் மரங்களும் பீச் மரங்களும் காய்ந்த இலைகளைக் குளிர்காலம் வரை பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றின் அருகே கட்டுவது நலம்.

உயரம் ஏன் ஹலால் தொடர்பானது என்பதை ஒரு நிகழ்வு எங்களுக்கு நன்றாகவே உணர்த்தியது. எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவர், வேறு நண்பர்களோடு சென்றவர், 25 அடிப் பரணிலிருந்து ஏறத்தாழ நேர் கீழே நின்ற மானை அந்தி வேளையில் எய்தார். அம்பு பட்டது; மான் ஓடிற்று. இருளும் மழையும் வந்தன. வீடு திரும்பி, காலையில் சென்று தேடியபோது 400 கெஜத்துக்கு அப்பால் இறந்து கிடந்தது. அவர் இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய மனைவி அதைத் தொடவில்லை. தொலைபேசியில் எங்களை அழைத்து, "உஸ்தாத், இதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? அது மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

ஒற்றைச் சொல்லில் விடை கூறும் கேள்வி அன்று அது. காயம்பட்டு மறைந்து, பின்னர் இறந்து கிடந்த வேட்டைப்பிராணி கூடாது என்பதையே இமாம் நவவி (ரஹ்) தம் மின்ஹாஜில் வலுவான கருத்தாகப் பதிகிறார்கள். வேறு நூல்களிலோ, ஹதீஸின் ஆதாரத்தைக் கொண்டு, கூடும் என்பதையே மேலானதாகக் கொள்கிறார்கள். ஏனெனில் அதீ (ரலி) அவர்களின் ஹதீஸிலேயே, ஒரு நாள் கழித்துக் கண்டெடுத்தாலும், தன் அம்பின் தடத்தைத் தவிர வேறொன்றும் அதில் இல்லையெனில் உண்ண அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபிலோ, எய்தவர் தேடுவதை நிறுத்தாது தொடர்ந்திருக்க வேண்டும். தேடலைக் கைவிட்டு அமர்ந்துவிட்டுப் பிறகு இறந்ததாகக் கண்டால் உண்ணலாகாது. அந்தக் குடும்பம் ஹனஃபி. அவர் இரவெல்லாம் வீட்டில் இருந்தார். நாங்கள் நூல்களில் உள்ளதை உள்ளபடியே கூறினோம். அந்த இறைச்சி அந்த வீட்டில் சமைக்கப்படவில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. எய்தவுடன் இறங்கி ஓடாதே, அரை மணி நேரம் பரணிலேயே அசையாது இரு என்று இங்குள்ள மூத்த வேட்டைக்காரர்கள் கற்பிக்கின்றனர். துரத்தப்படாத மான் அருகிலேயே படுத்து இறந்துவிடும். துரத்தினால் காடு தாண்டும். இந்த அரை மணி நேரம் தேடலைக் கைவிடுவதாகுமா? தேடலுக்காகவே காத்திருப்பதால் அது தேடலின் பகுதி என்பதே எங்கள் எண்ணம். ஆயினும் உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கே இடமின்றி, எய்த மான் கண்ணெதிரே சாயும்படி பரணை அமைப்பது அதனினும் நன்று. சாய்ந்த மானிடம் உயிர் எஞ்சியிருந்தால் உடனே சென்று அறுக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். இடுப்பில் கத்தியின்றி எங்களுள் எவரும் ஏறுவதில்லை. அம்பை விடுகையில் பிஸ்மில்லாஹ் கூறுவது ஹனஃபியில் கட்டாயம், ஷாஃபிஈயில் சுன்னத், எல்லோருமே கூறுகிறோம்.

இடத் தேர்வில் இங்குள்ள வேட்டை வழிகாட்டிகளில் நாங்கள் காணாத சில விதிகள் எங்களிடம் உண்டு. ஓடைக்கரையில் பரண் கட்டுவதில்லை. அம்பு பட்ட மான் நீரில் மூழ்கிக் கிடந்தால், கொன்றது அம்பா நீரா என்று அறிய இயலாததால் உண்ண வேண்டாம் என்று அதே ஹதீஸ் தடுக்கிறது. பாறைச் சரிவின் விளிம்பிலும் கட்டுவதில்லை. உயரத்திலிருந்து விழுந்து செத்ததைக் குர்ஆன் ஐந்தாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே விலக்கியிருக்கிறது. பிறர் நிலத்தின் எல்லையிலிருந்தும் விலகியே நிற்கிறோம். காயம்பட்ட மான் வேலியைத் தாண்டினால், நில உரிமையாளரின் அனுமதி பெறும் வரை நாம் இப்புறம் நிற்க வேண்டும், அது இறந்துகொண்டிருக்கும்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக. மானின் மூக்கை எந்த உயரமும் முழுமையாக ஏமாற்றாது. இங்குக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால், தடத்துக்குக் கிழக்கே பரண் அமைப்பது பொதுவான வழி. காலையில் வெயில் ஏற ஏறச் சரிவின் காற்று மேல் நோக்கி எழும். மாலையில் குளிர்ந்து பள்ளத்தை நோக்கி இறங்கும். ஆதலால் காலைக்கு மேட்டிலும் மாலைக்குப் பள்ளத்தை ஒட்டியும் என இரு மரங்கள் பார்த்து வைப்போம். ஜும்ஆ முடிந்து அத்தர் மணக்க நேராகப் பரணேறிய சகோதரர் ஒருவர் மூன்று மணி நேரத்தில் அணில்களை மட்டுமே கண்டார். அத்தர் பூசுவது சுன்னத்துதான். மான் அதை அறியாது.

இறுதியாக, கட்டிக்கொள்வது. இந்நாட்டில் வேட்டையின்போது நேரும் கடுங்காயங்களுக்கு மரப்பரணிலிருந்து விழுவது முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணிப்படியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும் நொடியிலுமே பலர் விழுகின்றனர். எனவே பரணில் அமர்ந்த பின் கச்சையை மாட்டுவது பயனற்றது. மரத்தின் மேலிருந்து அடி வரை உயிர்காப்புக் கயிறு ஒன்றைத் தொங்கவிட்டு, ப்ரூசிக் முடிச்சால் உடற்கச்சையை அதில் இணைத்துக்கொண்டு, தரையில் கால் இருக்கும்போதே தொடங்க வேண்டும். மேலே அமர்ந்ததும் இணைப்பு தலைக்கு மேல், தொய்வின்றி இருக்க வேண்டும். வில்லைத் தோளில் மாட்டி ஏறக் கூடாது. மேலே சேர்ந்த பின் கயிறு கட்டி இழுத்துக்கொள்ள வேண்டும். தவக்குல் இருக்கக் கயிறு எதற்கு என்று கேட்ட இளைஞருக்கு, கைப்பிடிச் சுவரில்லாத மாடியில் உறங்குபவர் தம் பாதுகாப்பின் பொறுப்பைத் தாமே இழந்தவர் என்னும் கருத்தில் அபூதாவூதில் பதிவான நபிமொழியை எடுத்துக் காட்டினோம். மாடிக்கே அவ்வாறெனில், இரண்டடி அகலப் பலகைக்கு என்ன சொல்வது?

இவ்வாண்டு எங்கள் மாணவர் ஒருவர், 16 வயதுப் பிள்ளை, பயிற்சி வகுப்பை முடித்துத் தந்தையோடு முதன்முறையாக வருகிறார். இருவர் அமரும் 15 அடி ஏணிப் பரண் ஒன்றை, ஓக் கொட்டைகள் உதிரும் மேட்டின் கிழக்கே, இரட்டைத் தண்டு மரமொன்றில் கட்டியிருக்கிறோம். ஓடை அங்கிருந்து வெகு தொலைவு. தடம் 18 கெஜத்தில் கடக்கிறது, அளந்து பார்த்தாயிற்று. சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே எய்ய அனுமதி உண்டு. அதற்கு முன் மரத்தடியில் விரிக்க ஒரு முஸல்லாவையும் பையில் வைக்கச் சொல்லியிருக்கிறோம். ஃபஜ்ரை முடித்துவிட்டு ஏறுவார்கள்.