காயப்பட்டவருக்கு ஒரு போர்வை

இந்தக் கட்டுரையை எழுதுவமா விடுவமா எண்டு எங்களுக்குள்ளேயே ஒரு கிழமையாக இழுபறி. விஷயம் பெரிதாக ஒன்றும் இல்லை, போர்வை. அமெரிக்காவில் காயப்பட்ட படையினருக்காகப் பெண்கள் வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கிற போர்வை. "ஆமிக்காரருக்குப் போர்வை தைக்கிறதைப் பற்றி நாங்கள் ஏன் எழுதோணும்?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். 2009 இல் நாங்கள் மூன்று பேருமே சின்னப் பிள்ளைகள். பங்கரும் முகாமும் நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவை இல்லை. சீருடையைக் கண்டால் இப்பவும் எங்கட கால் ஒரு நொடி தயங்கும்.

பெண்களின் கைவினைகள் பற்றி கம்பஸில் ஒரு அசைன்மென்ற் செய்யும்போதுதான் இந்தப் போர்வைகள் எங்களுக்கு அறிமுகமாகின. குவில்ட் என்பார்கள். மேலே சின்னச் சின்ன வெட்டுத்துண்டுகளைப் பொருத்தித் தைத்த ஒரு படை, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றும் நழுவாமல் இருக்க ஊடாகத் தையல் ஓடும். எங்கட அம்மம்மாக்கள் பழைய நூல் சீலையை நாலாக மடித்துக் குழந்தைக்கு விரிப்புத் தைப்பார்களே, ஏறக்குறைய அதே யோசனைதான். குளிர் நாடு என்பதால் பஞ்சு சேர்ந்திருக்கு, அவ்வளவுதான்.

போருக்கும் குவில்ட்டுக்கும் உள்ள உறவு பழையது. 1861 இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் ஊர் ஊராகப் பெண்கள் கூடித் தைத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். இன்றைக்கு அவற்றில் மிகச் சிலதான் மிச்சம். பாவித்துப் பாவித்தே கிழிந்து போயின, சில குவில்ட்டுகள் இறந்தவர்களோடு புதைக்கப்பட்டன. ஆனால் அதே காலத்தில் தென்மாநிலங்களில் சில பெண்கள் போர்ப்படகு கட்டப் பணம் சேர்ப்பதற்காகவும் குவில்ட் தைத்து ஏலத்தில் விட்டிருக்கிறார்கள். அதே ஊசி, அதே நூல். ஒன்று காயத்தைப் போர்த்தியது, மற்றது இன்னொருவரைக் காயப்படுத்தப் போனது. ஊசி பிடிக்கிற கை எப்பவும் அப்பாவிக் கை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத்தான் வேணும்.

இன்னொரு விஷயமும் எங்களைப் பிடித்து நிறுத்தியது. 1856 இல் தோமஸ் வுட் என்ற ஓவியர் வரைந்த ஒரு படம். கிரிமியப் போரில் இங்கர்மன் என்ற இடத்தில் தலையில் காயப்பட்ட தோமஸ் வோக்கர் என்ற பிரிட்டிஷ் சிப்பாய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறார். மடியில் வண்ண வண்ணத் துண்டுகள், கையில் ஊசி. சீருடைத் துணியில் துண்டுகள் வெட்டிப் போர்வை தைக்கிறது அந்தக் காலச் சிப்பாய்களிடம் ஒரு பழக்கமாகவே இருந்திருக்கு. குடியிலும் சூதிலும் போய் விழாமல் இருக்கட்டும் என்று மேலிடமும் அதை ஊக்குவித்தது. யாரோ ஒரு பெண் தைத்துத் தருவாள் என்று காத்திராமல், உடைந்த ஆள் தானே உட்கார்ந்து துண்டுகளைப் பொருத்துகிறார். அந்தப் படத்தைப் பார்த்த அன்றைக்கு எங்களுக்கு அதற்குப் பிறகு படிப்பு ஓடவில்லை.

இன்றைக்கு நடக்கிற பெரிய வேலை 2003 இல் தொடங்கியது. டெலவெயர் மாநிலத்தில் கத்தரின் ரொபேர்ட்ஸ் என்ற பெண்ணின் மகன் ஈராக்குக்குப் போயிருந்தான். தாய்க்கு ஒரு கனவு. நடுச்சாமத்தில் ஒரு இளைஞன் கட்டில் ஓரத்தில் கூனிக் குறுகி இருக்கிறான். அடுத்த காட்சியில் அவனைச் சுற்றி ஒரு குவில்ட், முகத்தில் கொஞ்சம் தெளிவு. அந்தக் கனவிலிருந்து பிறந்ததுதான் குவில்ட்ஸ் ஒஃப் வெலர் என்ற அமைப்பு. அந்த வருசம் நவம்பரில் வோல்டர் ரீட் இராணுவ ஆஸ்பத்திரியில், ஈராக்கில் காலை இழந்த ஒரு இளம் சிப்பாய்க்கு முதல் போர்வை போனது. இப்போது மூன்று இலட்சத்தையும் தாண்டிவிட்டது. வியட்நாம், கொரியப் போர்களுக்குப் போன கிழவர்களுக்கும் கொடுக்கிறார்கள்.

அவர்களின் ஒழுங்குகளை வாசிக்க ஆசையாக இருக்கும். ஒரு ஆளைச் சுற்றிப் போர்த்துகிற அளவுக்குப் பெரிதாக இருக்கவேணும். துண்டுகளைப் பொருத்துகிறவர் ஒருவர், பெரிய மெசினில் ஊடுதையல் போடுகிறவர் இன்னொருவர் என்று பல கைகள் சேரும். பின்பக்க மூலையில் ஒரு லேபிள் கட்டாயம், யாருக்கு, யார் தைத்தது என்று அதில் எழுதுவார்கள். கொடுக்கும்போது கையில் நீட்டிவிட்டுப் போகமாட்டார்கள். தோளைச் சுற்றிப் போர்த்திவிடுவார்கள்.

இந்த இடத்தில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. "கொடுத்தோம்" என்று அவர்கள் சொல்வதில்லை, விருது மாதிரி "வழங்கினோம்" என்றுதான் சொல்கிறார்கள். அமைப்பின் பெயரிலேயே வீரம் இருக்கிறது. ஈராக் போர் எதற்காகத் தொடங்கியது? பேரழிவு ஆயுதம் இருக்கு எண்டார்கள். கடைசி வரைக்கும் அந்த ஆயுதம் அகப்படவே இல்லை. காலை இழந்த அமெரிக்கப் பெடியனுக்குத் தோளில் போர்வை. பாக்தாத்தில் காலை இழந்த பிள்ளைக்கு? அந்தத் தையல் அறைகளில் இருப்பவர்கள் கெட்டவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் போர்வையின் சூட்டில் போரும் சேர்ந்து நல்லதாகத் தெரியத் தொடங்கும் என்பதுதான் எங்கட பயம்.

அந்த வாக்குவாதத்துக்குள் எங்கட பட்ச்சில் இருக்கிற ஒரு சிங்களத் தோழியும் வந்து சேர்ந்தாள். அவளின் அப்பா தொண்ணூறுகளில் கண்ணிவெடியில் காலை இழந்தவர். "மே மாதம் வந்தா எங்கட வீட்டுக்கு ஆக்கள் வருவினம். ரணவிரு எண்டு சொல்லி மாலை போடுவினம், போட்டோ எடுப்பினம். ஜூனிலயிருந்து ஒருத்தரும் இல்ல. ராத்திரியில அப்பா கட்டில் ஓரத்தில அப்பிடியே இருப்பார்" என்று அவள் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். கத்தரின் ரொபேர்ட்ஸின் கனவை நாங்கள் அவளுக்கு அதுவரை சொல்லியிருக்கவில்லை.

எங்களில் ஒருத்தியின் மாமா இயக்கத்தில் இருந்தவர். அவருக்கும் ஒரு கால் இல்லை, ஜெய்ப்பூர் கால்தான். மே மாதம் வந்தால் அவரின் வீட்டுக்கும் ஆக்கள் வருவினம். மாலையோடு இல்லை, விசாரணைக்கு. மற்ற மாதங்களில் அவரும் இரவில் நித்திரையில்லாமல் எழும்பி இருக்கிறவர்தான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்து "எல்லாம் ஒன்றுதான்" என்று முடித்துவிட எங்களால் ஏலாது. ஒருவருக்குப் பென்சன் இருக்கு, மற்றவருக்கு இல்லை. ஒருவரின் வலியை அரசு வீரம் என்கிறது, மற்றவர் தன் வலியை வெளியில் சொல்லவே பயப்படுகிறார். நீதி பற்றிய கேள்வியை எந்தப் போர்வையாலும் மூடக் கூடாது. ஆனால் வெட்டிய காலில் குளிர் நாளில் வருகிற குத்து, இல்லாத பாதத்தில் வருகிற கடி, இவை இரண்டு பேருக்கும் ஒரே மாதிரித்தான் வருகின்றன. அதை அவளும் எங்கட தோழியும் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் அறிந்துகொண்டார்கள்.

அதனால் நாங்கள் வந்து சேர்ந்த இடம் இதுதான். காயப்பட்ட உடம்புக்குத் தைப்பதில் பிழை இல்லை, அந்த உடம்பு எந்தச் சீருடைக்குள் இருந்தாலும். ஆனால் தைக்கிறவர் "இந்தக் காயம் ஏன் வந்தது, யார் அனுப்பினார்கள், மற்றப் பக்கத்தில் யார் விழுந்தார்கள்" என்று கேட்பதை நிறுத்தக் கூடாது. குவில்ட்டில் எங்களுக்குப் பிடித்தது வீரம் என்ற சொல் இல்லை, அந்த மூலை லேபிள்தான். பொது மேடையில் மாலை போடுகிறவருக்கு ஆளின் பெயர் தேவைப்படாது. மாதக்கணக்காக இருந்து தைக்கிறவருக்குத் தேவைப்படும்.

இப்போது ஹொஸ்டல் அறையில் ஒரு பையில் வெட்டுத்துண்டுகள் சேருகின்றன. காமென்ற்ஸில் வேலை செய்கிற அக்கா ஒருவர் மிச்சத் துணி தருகிறார், வீடுகளில் இருந்து பழஞ்சீலைகளும் வந்திருக்கு. இரண்டு போர்வைகள், ஒரே அளவு. எங்கள் நாலு பேரில் ஒருத்திக்கும் ஒழுங்காகத் தைக்கத் தெரியாது, எப்ப முடியுமோ தெரியாது. லேபிளில் என்ன எழுதுவது என்பதிலும் இன்னும் இழுபறிதான். பெயர் மட்டும் போதும் என்கிறாள் ஒருத்தி. காயப்பட்ட இடமும் ஆண்டும் வேணும் என்கிறாள் இன்னொருத்தி. எந்த மொழியில் எழுதுவது என்பதில் மட்டும் சண்டை வரவில்லை. இரண்டு போர்வையிலும் இரண்டு மொழியும் இருக்கும்.