20 நிமிஷத்துல ஆஃப் ஆகும் லேப்டாப்... உள்ளே அடைத்திருந்தது என்ன?

மாமல்லபுரம் சிற்பப் பட்டறைகளில் உளியோடு கட்டிங் மெஷினும் சேர்ந்து பல வருஷமாகிறது. கருங்கல் தூசு கோதுமை மாவு மாதிரி பறக்கும். அப்படியொரு பட்டறையை ஒட்டிய வீடு. மகளுக்கு பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப். 2011-ல் தொடங்கிய அதே இலவசத் திட்டம்தான். இப்போது செங்கல்பட்டில் கல்லூரி இறுதியாண்டு. புராஜெக்ட் கொடுக்க 9 நாள் இருக்கும்போது லேப்டாப் தானாக அணைய ஆரம்பித்தது.

கடையில் காட்டியதும், "மதர்போர்டு போயிடுச்சும்மா, புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். அப்பா மறுபேச்சில்லாமல் அம்மாவின் செயினைப் பார்த்தார்.

மொபைல் கடையில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன், ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்பு ஒரு கேள்வி கேட்டான். "எப்பல்லாம் ஆஃப் ஆகுதுன்னு எழுதி வெச்சியாக்கா?"

இரண்டு நாள் எழுதினாள். மதியம் 20 நிமிடம். விடியற்காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். மெத்தை மேல் வைத்தால் இன்னும் சீக்கிரம். சார்ஜர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே கதை. விண்டோஸ் பதிவில் 'கர்னல் பவர் 41' என்று இருந்தது. பலர் இதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். முறைப்படி மூடாமல் கம்ப்யூட்டர் நின்றுபோனது என்பதற்கு மேல் அது காரணம் எதையும் சொல்வதில்லை. காரணத்தைச் சொன்னது அவள் நோட்டுதான்: சூடு. 100 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போனால், பிராசஸர் கருகாமலிருக்க சிஸ்டம் தானே மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும்.

சார்ஜரைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் எடுத்தான். (பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, நேராக சர்வீஸ் சென்டர்தான்.) ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஓர் அடைப்பு. கல் தூசும், ஈரத்தை இழுக்கும் கடல் உப்பும் சேர்ந்து இறுகியிருந்தது. கடற்கரைக் கோயிலையே இந்த உப்பு விடவில்லை. தொல்லியல் துறை காகிதக் கூழைப் பூசித்தான் கல்லிலிருந்து உப்பை உறிஞ்சி எடுக்கிறது. லேப்டாப் எம்மாத்திரம்?

ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிளோயர் அடித்தான். காய்ந்து சுண்ணாம்பாகியிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தான். அன்று இரவு லேப்டாப் நாலு மணி நேரம் நின்றது. செயின் அம்மா கழுத்திலேயே இருந்தது.

பேப்பரில் கொட்டிய தூசை அப்பாவிடம் நீட்டி அவன் கேட்டான். "பெரியப்பா, இது ரூமுக்குள்ள இருந்த மெஷின். நீங்க வெட்டுற இடத்துலயே நிக்கிறீங்களே?"

கருங்கல் தூசில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தழும்பேற்றும். சிலிக்கோசிஸ் வந்தால் குணமாக்க முடியாது. மூக்கில் கட்டும் துண்டு அந்த நுண்தூசைத் தடுக்காது. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசு வெகுவாகக் குறையும். அதோடு என்95 மாஸ்க்காவது வேண்டும்.

மகள் மறுநாளே மாஸ்க் வாங்கி வந்தாள். "மூச்சு முட்டுதும்மா" என்று அப்பா பாதி நேரம் அதைக் கழுத்தில்தான் தொங்கவிடுகிறார். மெஷின் சத்தம் கேட்டதும் அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறாள். அவர் மேலே இழுத்துவிட்டுக்கொள்கிறார்.