கல்லுக்கு முந்திய கோயில்

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் மிகச் சிறியது திரௌபதி ரதம். நாற்புறமும் வளைந்து இறங்கும் அதன் கூரை, நம் கிராமத்துக் கீற்றுக் குடிசையின் கூரையேதான். பீம ரதத்தின் கூரை மாட்டுவண்டிக் கூண்டு போல நீண்டு வளைகிறது. சகதேவ ரதமோ படுத்த யானையின் பின்புறம் போன்ற தூங்கானை மாடம். கருங்கல்லுக்குக் கீற்றும் வேண்டாம், மூங்கில் வளைவும் வேண்டாம். இருந்தும் சிற்பிகள் இந்த வடிவங்களைக் கல்லில் செதுக்கினார்கள் என்றால், அவர்கள் பார்த்துப் பழகிய கோயில்கள் முன்பே நின்றிருக்க வேண்டும். அவை எங்கே போயின? அந்தக் கேள்வியோடுதான் அன்று பகல் முழுக்கச் சுற்றினேன்.

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டுக் குடைவரையில் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்ததாக பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே கல்வெட்டில் பெருமையோடு சொல்கிறான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது புதுமை. அதுவரை கோயில்கள் அந்த நான்கையும் கொண்டே எழுந்தன என்பதற்கு அவன் பெருமிதமே சான்று. மரம் மக்கிப்போகும், செங்கல் உதிர்ந்துபோகும். ஆனாலும் ஒன்றாவது மிஞ்சியிருக்காதா?

மிஞ்சியிருக்கிறது. மாமல்லபுரத்துக்கு வடக்கே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டரில் சாளுவன்குப்பம். புலிக்குகையின் யாளி முகங்களைப் படமெடுத்துக்கொண்டு பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். அதையும் அதிரணசண்டக் குடைவரையையும் தாண்டிக் கடலோரமாக நடந்தால், மணலுக்குள் தாழ்ந்து கிடக்கிறது ஒரு முருகன் கோயில்.

2004 டிசம்பர் ஆழிப்பேரலை இங்கே மணலை அரித்துச் சென்றபோது ஒரு பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. திருவிழிச்சில் என்னும் ஊரின் சுப்பிரமணியர் கோயிலைப் பற்றி அது பேசியது. அந்தத் தடயத்தைப் பிடித்து இந்தியத் தொல்லியல் துறை 2005இல் அகழத் தொடங்கியது. முதலில் கிடைத்தது பல்லவர் காலக் கற்கோயிலின் எச்சம். அதற்கும் கீழே, வடக்கு நோக்கிய ஒரு செங்கல் கோயில். அதன் பெரிய செங்கற்கள் மற்றச் சங்ககால இடங்களில் கிடைத்தவற்றை ஒத்திருப்பதால், கோயில் அந்தக் காலத்தது என்பது அகழ்ந்த அறிஞர்களின் கருத்து. கல்லால் ஆன வேல் ஒன்றும், குரவைக் கூத்தாடும் பெண்களைக் காட்டும் சுடுமண் பலகையும் கிடைத்திருக்கின்றன.

அங்கே நின்றபோது என்னை மிகவும் நெகிழ வைத்தது அந்தக் கருவறைதான். கற்கோயில் எழுப்பியவர்கள் பழைய செங்கல் கருவறையை இடித்துத் தள்ளவில்லை. உள்ளே மணலை நிரப்பி, மேலே கருங்கற்பலகை பாவி, அதன்மீதே புதிய கோயிலை நிறுத்தியிருக்கிறார்கள். தந்திவர்மன், மூன்றாம் நந்திவர்மன், கம்பவர்மன் காலக் கல்வெட்டுகள் தூண்களில் இருக்கின்றன. பல்லவருக்குப் பின் ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன், சோழன் முதலாம் ராஜராஜன் காலங்களிலும் இந்தக் கோயில் கல்வெட்டில் இடம்பெற்றது. அரசுகள் மாறியும் அதே இடத்தில் விளக்கெரிந்தது.

தமிழ்நாட்டுக் கோயிற்கலை மகேந்திரனின் குடைவரைகளோடு பிறந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை சாளுவன்குப்பத்துக்குப் போக வேண்டும். மாமல்லபுரத்துக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்து வரும் ஆசிரியர்கள் இன்னும் ஐந்து கிலோமீட்டர் கூட்டிச் செல்ல வேண்டும். கீற்று வேய்ந்தவரும், மூங்கிலை வளைத்தவரும், செங்கல் அடுக்கிய கொத்தனாரும் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த வடிவங்களைத்தான் பல்லவச் சிற்பி கல்லுக்கு மாற்றினான். ரதங்களின் புகழில் பேரில்லாத அந்தக் கைகளுக்கும் பங்குண்டு.