கவுன்டரில் தொலையும் சத்தம்

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் கடகடக்கும் காரை சர்விஸ் சென்டருக்கு ஓட்டிப் போனால், அங்கே அந்தச் சத்தம் கேட்காது. வழியெல்லாம் ஓடி வந்த எஞ்சின் சூடேறி, ஆயில் எல்லா இடத்துக்கும் பரவியிருக்கும். ‘குறை எதுவும் தென்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். இன்னொரு கார் நேர் எதிர். பினாங்கில் பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் துன் சார்டோன் மலைச்சாலையில் ஏறும்போது மட்டும் முனகும். அது வரிசையில் நின்று ஆறிப்போன பிறகு, மேடில்லாத முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கப்படும். அதன் தாளிலும் அதே வாக்கியம்தான். இரண்டு வாடிக்கையாளர்களும் பொய் சொல்லவில்லை. மெக்கானிக்கும் சொல்லவில்லை.

சூலியா தெருவை ஒட்டிய சந்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு போமெனுக்கு, அதாவது மெக்கானிக்குக்கு, இந்தக் கதையின் இரு பக்கமும் தெரியும். ஒரு கார் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்விஸ் சென்டரில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர். இப்போது சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு விடும் மோட்டார் சைக்கிள்களையும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களின் கார்களையும் பார்க்கிறார். 1786-இல் பிரான்சிஸ் லைட் குடியேற்றம் தொடங்கிய காலத்து ஆரம்பத் தெருக்களில் ஒன்று சூலியா தெரு. தமிழ் முஸ்லிம் வணிகர்களால் பெயர் பெற்றது. 2008 முதல் யுனெஸ்கோ மரபுச் சின்னப் பகுதிக்குள் அடக்கம். இங்கே வாங்கியது சரியில்லை என்றால், விற்றவர் கடைமுன் அஞ்சடி நடைபாதையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம்.

பெரிய சர்விஸ் சென்டரில் அந்த வசதி கிடையாது. “பிரேக்கு மிதிச்சா ஸ்டீரிங் உதறுது தம்பி, அதுவும் மலை இறங்குறப்ப மட்டும்” என்று ஒரு பெரியவர் கவுன்டரில் சொல்கிறார். கணினியில் அது ‘பிரேக் பரிசோதனை’ என்று ஏறுகிறது. மலையும் இறக்கமும் கவுன்டரோடு நின்றுவிடும். தாளை வாங்கும் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றுகிறார், பேட் கனமாக இருக்கிறது, திரும்ப மாட்டுகிறார். தொடர்ந்து மிதித்து டிஸ்க் சூடானால்தான் உதறல் தெரியும் என்றோ, டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் கோணலை அளக்க வேண்டும் என்றோ அந்த இரண்டு சொல்லில் எதுவும் இல்லை. பெரியவரைப் பார்த்த ஆள் காரைத் தொடுவதில்லை. காரைத் தொட்ட ஆள் பெரியவரைப் பார்ப்பதில்லை.

இதற்குப் பின்னால் ஒரு கூலிக் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் நிறுவனம் நேரம் குறித்து வைத்திருக்கும். பேட் மாற்ற இவ்வளவு, கியர்பாக்ஸ் இறக்க இவ்வளவு என்று. சத்தத்தைத் தேடி அலையும் நேரத்துக்கு அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடமில்லை, இருந்தாலும் சொற்பம். வாரண்டி வேலை என்றால் இன்னும் சிக்கல். பிழைக் குறியீடோ படமோ கழற்றிய பாகமோ காட்டினால்தான் தயாரிப்பாளர் டீலருக்குப் பணம் தருவார். கிடைக்காத சத்தத்துக்கு என்னத்தைக் காட்டுவது? “ஓட்டிப் பாருங்க, மறுபடி வந்தா கொண்டாங்க” என்ற பதில் அங்கிருந்துதான் பிறக்கிறது.

தேடுவதற்குக் கூலி இல்லாத இடத்தில் விற்பதற்குக் கூலி வைத்தால் என்ன ஆகும் என்பதை 1992-இல் அமெரிக்கா பார்த்தது. கலிபோர்னியா அரசு அதிகாரிகள் வாடிக்கையாளர்போல சியர்ஸ் நிறுவனத்தின் பட்டறைகளுக்குக் கார்களைக் கொண்டுபோனார்கள். 38 முறை போனதில் 34 முறை தேவையில்லாத வேலை நடந்திருந்தது. கவுன்டரில் இருந்தவர்களுக்கு விற்பனைக் கமிஷனும் இலக்கும் வைத்திருந்தார்கள். விஷயம் வெளியானதும் நிறுவனமே அந்தக் கமிஷனைக் கைவிட்டது. இன்று பினாங்கில் ஒரு சாதாரண ஆயில் சர்விஸுக்குப் போகிறவரிடம் எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங் என்று பட்டியல் நீட்டப்பட்டால், நீட்டும் பையனைத் திட்டிப் பயனில்லை என்கிறார் போமென். அவனுக்கும் மாதக் கடைசி வரும்.

வேறு பட்டறைக்குப் போய்விடலாமே என்றால் அதற்கும் பூட்டுப் போட முடியும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தடையின்றிக் கிடைக்கவிடவில்லை என்பது குற்றச்சாட்டு.

போமென் தன் பட்டறையில் காரை முதலில் தான் ஓட்டுவதில்லை. உரிமையாளரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருகிறார். எந்த வேகத்தில், எப்படி ஒடித்தால் சத்தம் வரும் என்பது உரிமையாளரின் கைகாலுக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. டி கியரில் ஏர்கோன் போட்டு நிற்கும்போது மட்டும் அதிர்ந்தால் முதல் சந்தேகம் எஞ்சின் மவுண்டிங். ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது டக்டக் என்றால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு. காலை நேரத்துச் சத்தம் என்றால், “ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்கண்ணே” என்பார். கழற்றிய பாகத்தைப் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்.

வாடிக்கையாளர்மீதும் அவருக்கு ஒரு மனக்குறை உண்டு. “அப்சோர்பர் போச்சு, மாத்துங்க” என்று வந்து நிற்கிறார்கள். மாற்றிய பிறகும் சத்தம் இருந்தால் யாரைக் கேட்பது? கேட்ட வேலையைச் செய்தாயிற்றே! பாகத்தின் பெயரைச் சொல்லாமல், எப்போது, எங்கே, என்ன கேட்கிறது என்று தாளில் எழுத வையுங்கள், எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறார்.

அந்தத் தாளுக்குச் சட்டத்திலும் மதிப்பு உண்டு. மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யச் சொல்கிறது. என்ன நோக்கத்துக்காகக் கொடுத்தோம் என்று தெரிவித்திருந்தால், வேலை அதற்குப் பொருந்த வேண்டும் என்பது 54. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிய 5 ரிங்கிட் போதும். பொதுவாக வழக்கறிஞர் கூடாது. கோரிக்கையின் உச்சவரம்பு 2019-இல் 25,000 ரிங்கிட்டிலிருந்து 50,000 ஆனது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் பல பத்தாண்டுகள் தலைமை வகித்த பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதே ஊரில்தான் இருக்கிறது. ‘பிரேக் பரிசோதனை’ என்ற தாளோடு இந்த இடங்களுக்குப் போகிறவருக்கும், ‘மலை இறங்கும்போது உதறுகிறது’ என்ற தாளோடு போகிறவருக்கும் நிறைய வித்தியாசம்.

இப்போது மின்கார்கள் வந்துவிட்டன, புரோட்டானின் இ.மாஸ் 7 2024 டிசம்பரில் அறிமுகமானது. எஞ்சின் ஆயில் கிடையாது, ஃப்ளஷ் கிடையாது, கவுன்டரில் நீட்டும் பட்டியலும் சுருங்கும். ஆனால் எஞ்சின் இரைச்சல் இல்லாத காருக்குள், முன்பு காதில் விழாத ஸ்டெபிலைசர் லிங்க்கின் லொடலொடப்பும் டாஷ்போர்டின் கிரீச்சும் துல்லியமாகக் கேட்கும். சத்தப் புகார் இனிமேல் கூடும் என்றுதான் போமென் கணக்குப் போடுகிறார்.