மலைக்காயும் எம் அடுக்களையும்

நீலகிரியில் விளையும் காய்கள் மலையிறங்கி வந்து குவியும் ஊர் எமது மேட்டுப்பாளையம். 1820-களில் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன் அம்மலையிற் பயிர்செய்வித்த ஐரோப்பியக் காய்களை எம் முன்னோர் 'இங்கிலீஷ் காய்' என்றே அழைத்தனர். இன்றோ கோசும் உருளைக்கிழங்கும் இன்றி எமக்குப் பந்தியில்லை. அவ்வரிசையில் அண்மையில் வந்த விருந்தாளி ப்ரோக்கோலி.

மண்டியிற் கணக்கெழுதும் எம் தந்தையார் ஒருநாள் விலைபோகாத இரண்டு பூக்களைக் கொணர்ந்தார். பக்குவம் அறியாத யாம் அவற்றை அரைமணி நேரம் வேகவைத்தோம். பச்சை மங்கிற்று, கந்தக நெடி வீடெங்கும் பரவிற்று. எவரும் உண்ணத் துணிந்திலர். உழவர் உழைப்பு வீணாகலாகாதென்று தந்தையார் மட்டும் ஒரு சொல்லும் கூறாது உண்டு முடித்தார். யாம் நாணினோம்.

மறுமுறை அம்மிச்சி கரண்டியைக் கைக்கொண்டார். "இது கோசுக்குத் தாயாதிதானே, கண்ணு!" என்றார். தாவர நூலாரும் அவ்விரண்டும் ஓரினமே என்பர். பூவை உப்பிட்ட கொதிநீரில் இரண்டு நிமிடம் அமிழ்த்தெடுத்து, கடுகு, உளுந்து, வரமிளகாய் தாளித்து, தேங்காய்த் துருவலிட்டுப் பொரியலாக்கினார். தண்டைத் தோல்சீவிப் பாசிப்பருப்பிட்டுக் கூட்டாக்கினார். இலையும் கீரைபோற் கடைசலாயிற்று. எறிதற்கு யாதும் எஞ்சவில்லை.

அன்று தந்தையார் இருமுறை கேட்டு வாங்கி உண்டார்.

அன்பர்களே, புதியதை வெறுத்தலும் வேண்டா; அதன்பொருட்டு நம் கைப்பக்குவத்தை மறத்தலும் வேண்டா.