அரிக்கமேட்டு ஓடும் ஆதென்ஸ் சாடியும்

உழவர்கரையிலிருந்து புதுச்சேரி நகரத்தைத் தாண்டித் தெற்கே அரிக்கமேடு போகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது ஏமாற்றம்தான். யவனர் வந்து இறங்கிய துறை என்று பாடப் புத்தகம் சொன்ன இடத்தில் மரங்களும் புதரும்தான் மண்டிக் கிடக்கின்றன. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இடிந்து நிற்கும் செங்கல் கட்டடத்தை ரோமானியர் கட்டியது என்று நினைப்பவர்கள் உண்டு; அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டியது. பழையதாக, நம்மூர்ச் சாயலில்லாமல் இருந்தால் அது யவனருடையது என்கிற இந்தக் கணக்கைப் பார்க்க வந்தவர்கள் மட்டும் போடவில்லை. இந்த மேட்டை உலகறியச் செய்த அறிஞரே போட்டார். ஒரு மட்பாண்டத்தின் அழகை வைத்து அது பிறந்த ஊரைச் சொல்ல முடியாது என்பது என் கட்சி. அதற்கு அரிக்கமேட்டைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர் 1945இல் இங்கே அகழ்ந்தார். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ப் பாணியிலான செந்நிறப் பளபளப்பு ஓடுகள் கிடைத்தன. சிலவற்றில் விபியீ, கமூரி, இட்டா என்று பட்டறை முத்திரைகள் இருந்தன. அவை கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை என்று தெரிந்ததால், தென்னிந்தியத் தொல்லியலுக்கே காலம் கணிக்க ஒரு முளைக்குச்சி கிடைத்தது. சிக்கல் இன்னொரு வகைப் பாண்டத்தில் வந்தது. ரௌலட்டட் என்று அழைக்கப்படும் அந்தத் தட்டு சாம்பலும் கருப்பும் கலந்த நிறம்; மெல்லிய சுவர், உள்நோக்கி வளைந்த விளிம்பு. உட்புற அடியில் வட்டத்துக்குள் வட்டமாக, எறும்புச் சாரி போல நுண்ணிய புள்ளி வரிசைகள். இவ்வளவு நேர்த்தி மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று வீலர் முடிவு கட்டினார். 1980களில் விமலா பெக்லி அதை மறுத்து இந்தியப் பாண்டம் என்று வாதிட்டார். பின்னர் களிமண்ணைச் சோதித்தவர்களும் இந்திய மண் என்றே சொன்னார்கள். முக்கியமான ஓர் ஆய்வு வங்காளத்துக் கங்கைக் கழிமுகத்தைக் காட்டியது.

இதே தவறு கிரேக்கர்களுக்கும் நேர்ந்திருக்கிறது, நேர் எதிராக. ஓவியம் தீட்டிய கிரேக்கச் சாடிகள் இத்தாலியில், எட்ரஸ்கன் மக்களின் கல்லறைகளில் ஏராளமாகக் கிடைத்தன. அதனால் அவை எட்ரஸ்கன் கலை என்றே வெகுகாலம் பேசப்பட்டன. 1769இல் இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் திறந்த பாண்ட ஆலைக்கு எட்ரூரியா என்றே பெயர் வைத்தார். ஆனால் இத்தாலியின் வுல்சியில் கிடைத்து இன்று வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு சாடியைப் பாருங்கள். டிராய்ப் போர் வீரர்களான அகில்லெஸும் அஜாக்ஸும் ஈட்டியைத் தோளில் சாய்த்தபடி குனிந்து தாயமாடுகிறார்கள். ஒருவர் வாயருகே "நான்கு", மற்றவர் வாயருகே "மூன்று" என்று கிரேக்க எழுத்தில் இருக்கிறது. செய்தவர் எக்செகியாஸ் என்ற கையெழுத்தும் உண்டு, ஏறக்குறைய கி.மு. 540, ஊர் ஆதென்ஸ். வீலர் அழகைப் பார்த்து ஊரைச் சொன்னார். இத்தாலியில் கிடைத்த இடத்தைப் பார்த்துச் சொன்னார்கள். இரண்டும் பொய்த்தன.

இது வெறும் ஊர்ப்பெருமை என்று ஒருவர் சொல்லலாம். அப்படியானால் ரௌலட்டட் தட்டைத் தமிழ்ச் சக்கரத்தில் வனைந்தது என்றல்லவா சொல்ல வேண்டும்? சோதனைச்சாலை அதை நமக்கும் தரவில்லை. புள்ளி போடும் உத்தியாவது மேற்கிலிருந்து வந்திருக்குமே என்று கேட்டால், வந்திருக்கலாம் என்பேன். கப்பலில் சரக்கோடு கைவேலை நுணுக்கமும் வரும். யவனத் தொடர்பையே மறுப்பதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒயினும் எண்ணெயும் அடைத்து வந்த இருபிடிச் சாடிகளின் ஓடுகள் இங்கே கிடைத்திருக்கின்றன. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் கையேடு குறிப்பிடும் பொதுகே என்ற துறை இதுதான் என்பது பலர் கருத்து. அதே மேட்டில் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் உண்டு. நான் மறுப்பது, நேர்த்தியானது எல்லாம் வந்தது, முரடானது எல்லாம் இங்கேயே இருந்தது என்ற பாகப்பிரிவினையை. ஆதென்ஸ் சாடியின் கருப்பு தனிச் சாயமல்ல. நன்றாக அரித்தெடுத்த களிமண் குழம்பை, சூளையில் காற்றை விட்டும் அடைத்தும் மறுபடி விட்டும் சுட்டு வரவழைத்த நிறம். காற்றுப் படாத இடம் கருக்கும், பட்ட இடம் சிவக்கும் என்ற சூட்சுமம் நம் கருப்பு-சிவப்புப் பாண்டம் சுட்டவர்களுக்கும் தெரியும்.

உழவர்கரையை ஒட்டிய வில்லியனூரில் இன்றும் சுடுமண் வேலை நடக்கிறது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. அரிக்கமேட்டுப் பொருள்களைப் பார்க்கப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், முதலில் வில்லியனூரில் ஒரு சக்கரத்தின் முன் அவர்களைச் சற்று நேரம் உட்கார வையுங்கள். கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் ஓட்டைப் பார்த்து எந்த நாட்டுக்காரன் செய்தது என்று கேட்பதற்கு முன்னால், எப்படிச் செய்தான் என்று கேட்க அவர்களுக்குத் தோன்றும்.