பதின்மூன்றுக்கு எட்டு

தில்லியில் 'ஹாக்கி' என்று சொன்னால் எவர் நினைவுக்கும் வருவது புல்வெளியும் தியான்சந்தும்தான். முன்னால் 'ஐஸ்' என்றொரு அடைமொழி சேர்ந்தவுடன் கேட்பவர் முகத்தில் சிறு புன்னகை தோன்றும். அந்தப் புன்னகையைத் தாங்கிக்கொண்டே வளர்ந்தது இந்திய மகளிர் ஐஸ் ஹாக்கி அணி.

2016 மார்ச்சில் தைப்பேயில் அவ்வணி தன் முதல் பன்னாட்டு ஆட்டத்தை ஆடியது. சிங்கப்பூரிடம் 8–13 என்ற கணக்கில் தோற்றது. இந்த எண்களைத் தோல்வி என்று மட்டும் படிப்பது அவசரப் படிப்பு. பதின்மூன்று கோல்களை வாங்கிய அணி எட்டு கோல்களைப் போட்டும் இருக்கிறது. அடிக்கத் தெரிந்திருந்தது, தடுப்பதற்கு நிற்க வேண்டிய இடம் தெரிந்திருக்கவில்லை.

அதற்குக் காரணம் தேடப் பெரிய ஆய்வு வேண்டியதில்லை. வீராங்கனைகளில் பெரும்பாலோர் லடாக்கைச் சேர்ந்தவர்கள். லேயின் குளங்கள் உறைந்து கிடப்பது ஆண்டில் இரண்டு, மூன்று மாதங்களே. அந்த நாள்களிலும் ஆண்கள் ஆடி முடித்த இடைவேளைகளில்தான் பெண்களுக்குப் பனி கிடைத்தது. இரவல் வாங்கிய காலணி, அளவு மிஞ்சிய கவசம். மிச்ச மாதங்களில் சக்கரக் காலணியோடு தரையில் பயிற்சி. தில்லியை ஒட்டிய குருகிராமில், வணிக வளாகம் ஒன்றுக்குள் இருந்த தளத்திலும் பயின்றார்கள். அது முழு அளவுத் தளத்தின் ஒரு துண்டு. பன்னாட்டுத் தளமோ ஏறத்தாழ 60 மீட்டர் நீளம். குறுகிய இடத்தில் வேகமாக அடிக்கப் பழகலாம். எதிரணி தாக்க வரும்போது அறுபது மீட்டரையும் ஐவர் பங்கிட்டுக் காப்பதை அங்கே எப்படிக் கற்பது?

ஆயினும் ஓராண்டில் கணக்கு மாறியது. 2017 மார்ச்சில் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4–3 என வென்றார்கள். பன்னாட்டு அரங்கில் அதுவே முதல் வெற்றி. போட்டது நான்குதான், முந்தைய ஆண்டின் எட்டில் பாதி. வாங்கியது மூன்று. இரண்டு ஆட்டங்களை வைத்து விதி வகுப்பது முறையன்று என்று புள்ளியியல் படித்தோர் கடிந்துகொள்ளலாம். ஆனாலும் முன்னேற்றம் இங்கே கோல் எண்ணிக்கை குறைந்த உருவில் வந்திருக்கிறது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பயணச் செலவுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. நாட்டின் பெயரை மார்பில் அணிந்தவர்கள் விமானச்சீட்டுக்குக் கையேந்தியதை ஊக்கமூட்டும் கதையாகச் சொல்லும் வழக்கம் நம் ஊடகங்களுக்கு உண்டு. அது வெட்கப்பட வேண்டிய செய்தி.

2018 ஜனவரியில், நான்கு ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற கனடா வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசர் லடாக் வந்து இவர்களுக்குப் பயிற்சியளித்தார். அதே ஆண்டு இவர்கள் கால்கரி சென்று ஆடினார்கள். பிறகு பெருந்தொற்று. 2025 ஜூனில் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அய்னில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையில் வெண்கலம் பெற்றார்கள். அணியின் முதல் பன்னாட்டுப் பதக்கம், பாலைவன நகரத்துச் செயற்கைப் பனியில்.

முழு அளவுப் பனித்தளம் இந்தியாவில் இல்லாமலும் இல்லை. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் ஒன்று கட்டப்பட்டது. தில்லியிலிருந்து ஒரு பகல் பயணத் தொலைவு. இவர்கள் குளம் உறையக் காத்திருந்த ஆண்டுகளில் பெரும்பாலும் அது பூட்டியே கிடந்தது. 2025இல்தான் மீண்டும் திறந்தார்கள்.